ஆழிச் சிங்கம் கப்பலேறிய கதை

வேலாயுதம் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடமும் உலகத்தின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் பெட்டிகளை அனுப்பிவைத்தாரே தவிர, தாம் எங்கேயும் போனதில்லை. பெட்டிகளுக்கு வயிறு கிடையாது. அவருக்கு இருந்தது. டாக்ஸியில் பின்னால் உட்கார்ந்தால் இரண்டாவது சிக்னலில் முகம் வெளுத்துவிடும். பேருந்தில் கைத்தொலைபேசியைப் பார்த்தால் நெற்றி வியர்க்கும். உயரமான கட்டடத்தில் மின்தூக்கி சற்று வேகமாக இறங்கினாலும் ஒரு கை தானாக வாய்க்குப் போய்விடும்.

கல்யாணமான புதிதில் மனைவி சிவகாமசுந்தரியைச் செந்தோசாத் தீவுக்குக் கூட்டிப் போனார். அப்போது பாலம் கட்டியிருக்கவில்லை, படகில்தான் போகவேண்டும். மொத்தப் பயணமே பத்து நிமிடம் இருக்காது. அதில் ஆறாவது நிமிடத்தில் அவர் புது மனைவியின் காஞ்சிபுரம் பட்டை நாசம் செய்தார். சிவகாமசுந்தரி அன்று ஒன்றும் சொல்லவில்லை. பிறகு முப்பத்தாறு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்ட ஒருவர் சிங்கப்பூர்த் தமிழர்களிடையே கடல் வீரம் பற்றிய முதன்மைப் பேச்சாளர் ஆனது தற்செயலாக நடந்தது. ஆறு வருடத்துக்கு முன், தமிழ் மொழி மாதத்தில், கடலோடித் தமிழர் பண்பாட்டு மன்றம் டன்லப் ஸ்திரீட்டில் ஓர் உணவகத்தின் மாடியில் கூட்டம் போட்டது. சென்னையிலிருந்து வரவேண்டிய பேச்சாளர் வரவில்லை. செயலாளர் ரமணன் கூட்டத்தைக் கண்களால் துழாவினார். வடைக்காக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த வேலாயுதம் அகப்பட்டார்.

"அண்ணே, ஒரு பத்து நிமிஷம் ஏதாச்சும் பேசுங்கண்ணே."

அன்று காலைதான் வாட்ஸாப்பில் சோழர் கடற்படை பற்றி ஒரு நீண்ட செய்தி வந்திருந்தது. அதை அனுப்பியவர் யார், எழுதியவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. வேலாயுதம் அதை அப்படியே சொன்னார். சரக்குக் கிடங்கில் விமான இரைச்சலை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. 'கடல்' என்ற சொல்லைச் சற்று இழுத்துச் சொன்னால் கைதட்டல் வருகிறது என்பதை மூன்றாவது நிமிடத்தில் கண்டுபிடித்தார். பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாயிற்று. "நம் ரத்தத்தில் உப்பு ஓடுகிறது!" என்று அவர் முழங்கியபோது சபை எழுந்து நின்றது. பாலிகிளினிக் டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் அவரிடம் சொல்லியிருந்தார், ஆனால் கவலையோடு.

அடுத்தடுத்த வருடங்களில் மேடைகள் பெருகின. நான்காம் வருடம் மன்றம் அவருக்குச் சால்வை போர்த்தி 'ஆழிச் சிங்கம்' என்று பட்டம் கொடுத்தது. அவர் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மேடையில் நிற்கும்வரை, தாம் கடாரம் போய்த் திரும்பியவர் என்றே அவர் உண்மையாக நம்பினார். கீழே இறங்கி டாக்ஸியில் ஏறும்போதுதான் நினைவு வரும்.

சிக்கல் மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் தொடங்கியது. செயற்குழுவில் ரமணன் எழுந்தார்.

"கடலோடிகள் மாநாட்டை மண்டபத்துல நடத்தறது நமக்கு அழகில்ல. கப்பல்ல நடத்துவோம். டிசம்பர்ல, ஸ்கூல் லீவுல. வியட்நாம் போயிட்டு நாலு நாள்ல திரும்பிடலாம். நடுக்கடல்ல அண்ணனோட பேருரை. தலைப்புகூட வச்சுட்டேன்: 'அலைகளுக்கு அஞ்சாத இனம்'."

வேலாயுதம் தே தாரேக் தேநீரைக் கீழே வைத்தார். "டிசம்பர்ல வடகிழக்குப் பருவக்காத்து அடிக்குமே, ரமணன்."

"அதுதாண்ணே அழகு! போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க? சோழன் காத்தைப் பார்த்துப் பயப்படல, காத்தைக் குதிரையாக்கி ஓட்டினான்னு."

கைதட்டினார்கள். வேலாயுதமும் தட்டினார். வேறு என்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நின்றுகொண்டு சிரிக்க முடியவில்லை.

"முடியாதுன்னு சொல்லிடுங்களேன்."

"ஆழிச் சிங்கம்னு பட்டம் வாங்கிட்டு, எனக்குப் படகு ஒத்துக்காதுன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"பட்டத்தை வேணும்னா நான் போய்த் திருப்பிக் குடுத்துட்டு வரேன். சால்வை இருக்கட்டும். ஏர்கான் ரூமுக்கு நல்லா இருக்கு."

மகள் கவிப்ரியா மருந்தாளர். அப்பாவுக்காக மாத்திரை கொண்டுவந்து, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல இரண்டு தடவை சொன்னாள்.

"கப்பல் கிளம்பறதுக்கு ஒன் அவர் முன்னாடி போடணும்பா. வாந்தி ஆரம்பிச்சப்புறம் போட்டா யூஸே இல்ல. கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான். ரெண்டாவது நாளும் மறக்காம போடுங்க."

வேலாயுதம் 'தூக்கம்' என்ற சொல்லை மட்டும் கேட்டார். சிங்கம் மேடையில் கொட்டாவி விடுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே பேச்சு நாளன்று மாத்திரை வேண்டாம், இயற்கை மருத்துவம் போதும் என்று யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்தார்.

இயற்கை மருத்துவத்துக்காகத் தேக்கா சந்தைக்குப் போனார். மணிக்கட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தை அழுத்தும் பட்டைகள், நெற்றிக்குத் தைலம், முகர எலுமிச்சை எல்லாம் வாங்கியாயிற்று. இஞ்சிக்கு ஒலி முகம்மதின் மளிகைக் கடைக்குப் போனார். ஒலி முகம்மதுக்கு எழுபது வயதிருக்கும். மன்றத்தில் ஆயுள் உறுப்பினர். கூட்டத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேச்சு முடிந்ததும் எதுவும் சொல்லாமல் எழுந்து போவார்.

"ரெண்டு கிலோ இஞ்சியா? வீட்டுல விசேஷமா தம்பி?"

"சும்மாதான் பாய். சுந்தரி ஊறுகாய் போடறா."

ஒலி முகம்மது அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பார்த்தார். பட்டைகளை வாங்கிய கடையிலேயே மாட்டிப் பார்த்த வேலாயுதம் கழற்ற மறந்திருந்தார். "நல்லது, நல்லது. நானும் வரேன் கப்பலுக்கு," என்று சொல்லி இஞ்சியை நிறுத்தார்.

கப்பல் மரினா சவுத் துறையிலிருந்து புறப்பட்டது. பதினைந்து மாடி. நடுவில் நீச்சல் குளம், கடைகள், ஆறு உணவகங்கள். மாத்திரை போட்டிருந்த வேலாயுதம் மேல்தளத்தில் கால்களை அகட்டி நின்றார். ஒன்றும் ஆகவில்லை. கரையோரம் கடல் சும்மா கிடந்தது.

"இது கப்பலே இல்ல சுந்தரி. மிதக்கிற ஷாப்பிங் சென்டர். இத்தனை வருஷமா வீணா பயந்திருக்கேன்."

தோளில் சால்வையோடு, தொடுவானத்தைச் சுட்டிக்காட்டியபடி பதினேழு படம் எடுத்துக்கொண்டார். பின்னணியில் சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாக நின்றன. பிறகு மாத்திரை வேலை செய்ய, ஏழு மணிக்கே தூங்கிப்போனார். சிவகாமசுந்தரி தனியாகச் சாப்பிடப் போய், நான்கு வகை இனிப்பு இருந்ததாகத் திரும்பி வந்து தூங்குகிறவரிடம் சொன்னார்.

மறுநாள் காலை வேலாயுதம் கண் விழித்தபோது அலமாரிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டிருந்தது. பல் துலக்கும் குவளை மேசையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய், யோசித்து, திரும்பி வந்தது. தாழ்வாரத்தில் கப்பல் ஊழியர்கள் கைப்பிடிக் கம்பி நெடுகக் காகிதப் பைகளைச் செருகிக்கொண்டு போனார்கள், சிரித்த முகத்தோடு. அந்தச் சிரிப்புதான் அவரைக் கலக்கியது.

அவர் ஒரு விரல் நீள இஞ்சியை மென்றார். பட்டைகளை மாட்டினார். தைலத்தைத் தடவினார். மாத்திரையைத் தொடவில்லை.

மாநாட்டு அரங்கம் பன்னிரண்டாம் தளத்தில், கப்பலின் மூக்கில் இருந்தது. மூன்று பக்கமும் கண்ணாடி. காட்சி நன்றாக இருக்கும் என்று ரமணன் தேர்ந்தெடுத்த இடம். காட்சி நன்றாகத்தான் இருந்தது: ஒரு நிமிடம் வானம் மட்டும் தெரிந்தது, அடுத்த நிமிடம் கடல் மட்டும் தெரிந்தது. பதிவு செய்தவர்கள் தொண்ணூற்றிரண்டு பேர். வந்தவர்கள் இருபத்து மூன்று.

குத்துவிளக்கை ஏற்றவில்லை, அதைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. தமிழ் வாழ்த்துப் பாட வந்த பெண் இரண்டாம் அடியில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்காமலே வெளியேறினாள். ரமணன் வரவேற்புரைக்கு எழுந்தார். கையில் ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் 'பெருமக்களே' என்பதைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. சிங்கப்பூரில் ஒரு தமிழ் அமைப்பின் வரவேற்புரை ஒன்றரை நிமிடத்தில் முடிந்ததை அங்கிருந்தவர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள். அதைப் பாராட்டும் நிலையில் யாரும் இல்லை.

"ஆழிச் சிங்கம் அவர்களை..." என்று சொல்லி ரமணன் பதாகையின் பின்னால் மறைந்தார். அங்கிருந்து வந்த சத்தம் வரவேற்புரையைவிடத் தெளிவாக இருந்தது.

வேலாயுதம் எழுந்தார். வாயில் இஞ்சியும் எலுமிச்சையும் தைலமும் கலந்து எதுவென்று தெரியாத ஒரு சுவை. பேச்சு மேசையின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டார். முன்னே, நினைவுப் பரிசாக அவருக்கே கொடுப்பதற்கு வைத்திருந்த சோழர் காலத்துக் கப்பலின் மாதிரி; தேக்கு மரம், அகன்ற வயிறு.

"அலைகளே!" என்று முழங்கினார். கண்ணாடிக்கு அப்பால் ஓர் அலை நிமிர்ந்து பார்த்தது. "உங்களை எங்கள் முப்பாட்டன்..."

கப்பல் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. வேலாயுதம் குனிந்து, கைக்கு எட்டிய முதல் பாத்திரத்தை இழுத்துக்கொண்டார். அது பாத்திரம் அல்ல, சோழர் கப்பல். மரம் நல்ல மரம், ஒழுகவில்லை. ஒலிவாங்கி அணைக்கப்படாமல் இருந்தது, அரங்கத்தின் ஆறு ஒலிபெருக்கிகளும் சரியாக வேலை செய்தன. கேட்டவர்களில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு கதவை நோக்கி ஓடினார்கள்.

அந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் ஒருவர் நிதானமாக நடந்து வந்தார். கப்பல் சாயும் பக்கத்துக்கு முன்கூட்டியே சாய்ந்துகொண்டு வந்தார் ஒலி முகம்மது.

"வாங்க தம்பி. இங்க நிக்கக் கூடாது. இது ஊஞ்சல் பலகையோட நுனி. நடுவுக்குப் போவோம்."

சிவகாமசுந்தரி ஒரு பக்கமும் ஒலி முகம்மது ஒரு பக்கமுமாக அவரைப் பிடித்து ஐந்தாம் தளத்துக்கு இறக்கினார்கள். கப்பலின் நடு மையம். படிக்கட்டைச் சுற்றி அகலமான கம்பளத் தரை, பக்கத்தில் ஒரு பெரிய சன்னல். ஆட்டம் இருந்தது, ஆனால் பாதிதான்.

"முதுகைத் தூண்ல வைங்க. கண்ணை மூடாதீங்க. தூரத்துல கோடு தெரியுதா, அதையே பாருங்க. இஞ்சி போதும், துப்பிடுங்க." சட்டைப் பையிலிருந்து உப்பு பிஸ்கட்டை எடுத்து உடைத்துக் கொடுத்தார். "எலி கடிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா."

கால் மணி நேரம் கழித்து வேலாயுதத்துக்குப் பேச்சு வந்தது. "உங்களுக்கு எப்படி பாய் இதெல்லாம் தெரியும்?"

"இருபத்தெட்டு வருஷம் சரக்குக் கப்பல்ல சமையல்காரனா இருந்தேன். கடை வச்சது அப்புறம்தான்."

வேலாயுதம் பிஸ்கட்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "ஆறு வருஷமா என் பேச்சைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே. ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே."

"நீங்க சோழர் காலத்தைப் பத்தியில்ல பேசினீங்க. நான் அப்ப வேலையில சேரல."

சிவகாமசுந்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"அப்ப உங்களுக்கு இந்த வாந்தியெல்லாம் வராதா?"

"வராம? ஒவ்வொரு தடவையும் முத ரெண்டு நாள் நிச்சயம். அடுப்புப் பக்கத்துல எனக்குன்னு ஒரு வாளி வச்சிருப்பேன். இன்னைக்குக் காலையிலகூட வாந்தி எடுத்துட்டுத்தான் வந்தேன் லா. எங்க கேப்டன் ஒருத்தர், முப்பது வருஷ சர்வீஸ், அவருக்கும் தனியா ஒரு வாளி உண்டு. வேளாவேளைக்கு வாந்தி எடுப்பார், வாயைக் கொப்புளிப்பார், கப்பலை ஓட்டுவார்."

வேலாயுதம் சன்னலுக்கு வெளியே தெரிந்த தொடுவானக் கோட்டையே பார்த்தார். வெட்கம் இன்னும் இருந்தது. ஆனால் அதற்கு இப்போது துணைக்கு ஒரு கேப்டன் இருந்தார்.

"அப்ப சோழர் படை?"

"எடுத்திருப்பாங்க. கரையில நின்ன எதிரி அந்தக் கோலத்தைப் பார்த்துட்டுத்தான் ஓடியிருப்பானோ என்னவோ."

இதற்குள் செய்தி பரவிவிட்டது. ஐந்தாம் தளத்தில் ஆட்டம் குறைவு என்று கேள்விப்பட்டு, கடலோடித் தமிழர்கள் ஒவ்வொருவராகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கம்பளத்தில் சாய்ந்தார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அரங்கத்துக்கு வந்ததைவிட இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைசியில் ரமணன் வந்தார், கேமராவை விடாமல்.

"அண்ணே, பேருரை முடியலையே. மாநாடு நடந்துச்சுன்னு காட்ட ஒரு போட்டோவாச்சும் வேணும். உட்கார்ந்தபடியே ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க."

வேலாயுதத்திடம் எழுதி வைத்திருந்த தாள்கள் இல்லை. அவை பன்னிரண்டாம் தளத்தில், மீட்க முடியாத நிலையில் இருந்தன. தூணில் சாய்ந்தபடி, தொண்டையை உயர்த்தாமல் பேசினார்.

"எனக்கு மின்தூக்கியே ஒத்துக்காது. செந்தோசா படகுல என் சம்சாரத்தோட கல்யாணப் பட்டுல வாந்தி எடுத்தவன் நான். உங்ககிட்ட ஆறு வருஷமா இதை மறைச்சுட்டேன்."

யாரோ ஒருவர் படுத்தபடியே, "எனக்கு பாத்தாம் தீவுக்குப் போற ஃபெர்ரியே ஆகாதுண்ணே," என்றார். இன்னொருவர், "எனக்கு ஊஞ்சல்," என்றார். அதன்பின் ஆளாளுக்கு ஒப்புக்கொள்ளத் தொடங்கினார்கள். பொருளாளர், மூன்று தலைமுறையாக மாலுமிக் குடும்பம் என்று அழைப்பிதழில் போட்டுக்கொண்டவர், தம் தாத்தா துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்ததைச் சொன்னார்.

வேலாயுதம் ஒலி முகம்மதின் வாளியைப் பற்றிச் சொன்னார், கேப்டனின் வாளியைப் பற்றிச் சொன்னார். சிரிப்பு வந்தது. "சிரிக்க வைக்காதீங்க லா, மறுபடியும் வருது," என்று ஓர் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"என் தாத்தா நாகப்பட்டினத்துல கப்பலேறினவர்," என்றார் வேலாயுதம். "ஒரு வாரத்துக்கு மேல, தளத்துல, கும்பலோட கும்பலா. அவர் எப்படி வந்தார்னு நான் ஒருநாளும் யோசிச்சதில்ல. ராஜா எப்படிப் போனார்ங்கிறதைத்தான் பேசிக்கிட்டு இருந்தேன். அவர் இப்படித்தான் வந்திருப்பார், இல்லையா? ஒரு மூலையில குந்தி, வாந்தி எடுத்துக்கிட்டு. பிஸ்கட் குடுக்க ஆள் இருந்துச்சோ என்னவோ."

கப்பல் எங்கேயோ முனகியது. ரமணன் படம் எடுக்க மறந்துவிட்டார்.

வியட்நாமில் இறங்கிச் சுற்றிப் பார்த்தார்கள். திரும்பி வருகையில் காற்று முதுகுப் பக்கம் அடித்ததால் கடல் ஓரளவு இரங்கியது. வேலாயுதம் ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொண்டு, ஐந்தாம் தளத்திலேயே ஒலி முகம்மதோடு உட்கார்ந்து, கப்பல் சமையல் கதைகளைக் கேட்டுக்கொண்டு வந்தார். சிவகாமசுந்தரி ஒருநாளும் தலைசுற்றல் என்று சொல்லவில்லை. ஆறு உணவகங்களில் ஐந்தை முடித்துவிட்டார். ஆறாவதுக்கு நேரம் போதவில்லை என்ற குறை மட்டும் இருந்தது.

ஜனவரியில் மன்றத்தின் செய்தி மடல் வந்தது. முதல் பக்கத்தில், முதல் நாள் எடுத்த சால்வைப் படம். 'பொங்கிய பேரலைகளுக்கு நடுவே ஆழிச் சிங்கம் முழங்க, அரங்கமே நிலைகுலைந்தது' என்று எழுதியிருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் ரமணனின் திறமை.

வேலாயுதம் உட்கார்ந்து ஒரு திருத்தக் கடிதம் எழுதினார். நடந்ததை நடந்தபடி, ஒலி முகம்மதின் பெயரோடு, இரண்டு பக்கம். அடுத்த மடலில் ரமணன் அதைச் சுருக்கி வெளியிட்டார். ஒலி முகம்மது 'நல்லெண்ணம் கொண்ட அன்பர் ஒருவர்' ஆகியிருந்தார். 'வாந்தி' வந்த இடத்திலெல்லாம் 'உணர்ச்சிப் பெருக்கு' என்று இருந்தது. 'உணர்ச்சிப் பெருக்கை அடக்க முடியாமல் நினைவுப் பரிசைக் கட்டித் தழுவினார்' என்ற வரியைச் சிவகாமசுந்தரி உரக்கப் படித்து, படித்து முடிக்க முடியாமல் தவித்தார்.

வேலாயுதம் ரமணனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "நான் எழுதினது வேற, நீங்க போட்டது வேற."

"சபை நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்லண்ணே. பிள்ளைங்க படிக்கிற மடல். அதை விடுங்க, அடுத்த மாநாடு பினாங்குக் கப்பல்ல. மார்ச்ல. நீங்கதான் பேருரை."

"நான் வரல. எனக்குக் கப்பல் ஒத்துக்காது."

இதைச் சொல்வது இவ்வளவு எளிது என்று அவருக்கு ஆறு வருடமாகத் தெரியாமல் போயிற்று. "உடம்பு சரியில்லன்னு போட்டுக்கறேண்ணே," என்றார் ரமணன் கடைசியில்.

மார்ச்சில் கப்பல் புறப்பட்டது, சிவகாமசுந்தரியை ஏற்றிக்கொண்டு. தேகப் பயிற்சிக் குழுத் தோழிகள் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் பெட்டியை இழுத்துக்கொண்டு போய், குடிநுழைவுச் சோதனை வாசல்வரை நின்று வழியனுப்பிவிட்டு, எம்.ஆர்.டி. ரயில் பிடித்துத் தேக்காவில் இறங்கினார். ஒலி முகம்மதின் கடையில் அன்று கூட்டம் குறைவு. இருவரும் முக்காலியைப் போட்டுக்கொண்டு தே ஹாலியா என்னும் இஞ்சித் தேநீர் குடித்தார்கள்.

மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கைத்தொலைபேசியில் மனைவியின் குரல் பதிவு வந்தது. பின்னால் தட்டுகளின் சத்தம்.

"ஏங்க, முக்கியப் பேச்சாளர் காலையிலிருந்து ரூமை விட்டு வெளிய வரலையாம். ரமணன் வந்து, அண்ணி, நீங்க அஞ்சு நிமிஷம் கடல் வீரத்தைப் பத்திப் பேசுங்கன்னு கையைப் பிடிச்சுக்கிறாரு. முடியாதுன்னுட்டேன். இங்க சூடா இறால் போடறாங்க, ஆறிப்போயிடும்."